புதுக் கணக்குக்கு முன் ஒரு பேக்கப்

2023 டிசம்பர் 17, 18-இல் பெய்த மழையில் தாமிரபரணி கரை புரண்டு, திருநெல்வேலி ஜங்ஷன் பக்கம் கடைகளுக்குள் தண்ணீர் புகுந்தது நினைவிருக்கும். பில் போடும் கம்ப்யூட்டரும் பேக்கப் எடுத்த பென்டிரைவும் ஒரே மேஜையில் இருந்தால், இரண்டும் சேர்ந்துதான் நனையும். பிறகு எதற்கு அந்த பேக்கப்?

ஏப்ரல் 1-ஆம் தேதி புதுக் கணக்கு தொடங்கும் முன் மூன்று பிரதிகளுக்கு வழி செய்யுங்கள். ஒன்று கடையில், ஒன்று மேடான பகுதியில் இருக்கும் வீட்டில் ஹார்ட் டிஸ்க்கில், ஒன்று கூகுள் டிரைவில். அதில் 15 ஜிபி இலவசம். சின்னக் கடைக் கணக்குக்குத் தாராளம். ஜிஎஸ்டி சட்டப்படி, அந்தந்த ஆண்டு ரிட்டர்னுக்கான கெடு தேதியிலிருந்து 72 மாதங்கள் கணக்கைப் பாதுகாக்க வேண்டும். தண்ணீரில் போய்விட்டது என்று சொல்லி எளிதில் தப்ப முடியாது.

எடுத்த பேக்கப்பை வேறொரு கம்ப்யூட்டரில் திறந்து பாருங்கள். பலரும் விடுவது இதைத்தான். திறக்கவில்லை என்றால் அது பேக்கப்பே இல்லை.

அப்புறம், விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு, அதாவது பாதுகாப்பு அப்டேட்கள், 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது. ஆயுத பூஜைக்குப் பொட்டு வைத்த பழைய பெட்டியில் அதுதான் ஓடுகிறது என்றால், மாற்றும் செலவை இந்த ஆண்டுத் திட்டத்திலேயே எழுதிவிடுங்கள்.