தையில் ஒரு படம், ஆடியில் ஒரு படம்: டெல்டாவின் ஆலைப் புகையை வானிலிருந்து வரைவது எப்படி?

"எங்க ஊர்ப் பக்கம் புகை வருது, எந்த ஆலைன்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?" டெல்டாவில் இந்தக் கேள்வியை நிறையப் பேர் கேட்கிறார்கள். கைக்காசு செலவில்லாமல், ஒரு மடிக்கணினியை வைத்தே விடையின் பாதித் தூரம் போகலாம். ஆனால் அவசரப்பட்டால் தப்பான ஆலையைச் சுட்டிக்காட்டிவிடுவோம். அதனால் கொஞ்சம் நிதானமாகச் செய்வோம்.

முதலில் இது எப்படி வேலை செய்கிறது என்று பார்த்துவிடலாம். வெயில் புகைக்குள் இறங்கி, தரையில் பட்டு, திரும்ப மேலே போகிறது. வழியில் ஒவ்வொரு வாயுவும் தனக்கான நிறத்தைக் கொஞ்சம் விழுங்கிக்கொள்ளும். எரிபொருள் எரியும்போது வரும் நைட்ரஜன் டை ஆக்சைடு விழுங்குவது நீல ஒளியை. மேலிருந்து பார்க்கும் கருவி, எந்த நிறம் எவ்வளவு குறைந்திருக்கிறது என்று அளக்கிறது. இஸ்ரோவும் நாசாவும் சேர்ந்து 2015–16இலும் 2018இலும் இந்தியாவில் பறக்கவிட்ட விமானத்தில் இருந்த அவிரிஸ்-என்ஜி கருவி, ஒளியை 425 பட்டைகளாகப் பிரித்துப் பார்த்தது. விமானம் தாழப் பறப்பதால் ஒரு பிக்சல், அதாவது படத்தின் ஒரு கட்டம், சில மீட்டர்தான். அந்த அளவுக்கு நுணுக்கமான தரவு கிடைத்தால், தனித்தனிப் புகைபோக்கியையே பிரித்துப் பார்க்க வழி உண்டு.

நமக்கு விமானம் கிடைக்காது. அதே தத்துவத்தில் இயங்கும் சென்டினல்-5பி செயற்கைக்கோள் 2017 அக்டோபர் முதல் சுற்றி வருகிறது, தரவும் இலவசம். குறை என்னவென்றால் அதன் ஒரு பிக்சல் சுமார் 5.5க்கு 3.5 கிலோமீட்டர். நாலைந்து கிராமங்கள் ஒரே கட்டத்துக்குள் அடங்கிவிடும். அந்தக் குறையைத்தான் காற்றை வைத்துச் சரிக்கட்டப் போகிறோம்.

படி 1: கணக்கும் எல்லையும்

செயற்கைக்கோள் தரவை இணையத்திலேயே அலச உதவும் கூகுள் எர்த் எஞ்சினில் வணிகம் சாராத பயன்பாட்டுக்கு என்று பதிவு செய்யுங்கள். பிறகு வடக்கு அட்சரேகை 10.2 முதல் 11.8 வரை, கிழக்குத் தீர்க்கரேகை 78.7 முதல் 80 வரை ஒரு செவ்வகம் வரையுங்கள். நெய்வேலி டெல்டாவுக்கு வெளியேதான் இருக்கிறது, ஆனாலும் வேண்டுமென்றே சேர்க்கிறோம். பழுப்பு நிலக்கரி எரியும் பெரிய அனல்மின் நிலையங்கள் அங்கே இருப்பது எல்லாருக்கும் தெரியும். விடை தெரிந்த கணக்கில் கை பழகுவது நல்லது.

படி 2: இரண்டு பருவம்

சென்டினல்-5பியின் நைட்ரஜன் டை ஆக்சைடு தொகுப்பில், வானின் கீழடுக்கு அளவைக் காட்டும் பட்டையை (தரவின் அந்தப் பகுதியை) எடுங்கள். தை மாதத்துக்கு ஒரு சராசரி, ஆடி மாதத்துக்கு ஒரு சராசரி. ஒரே வருஷம் போதாது, மேகம் நிறைய விழுங்கியிருக்கும். 2019 முதல் உள்ள தை மாதங்களை எல்லாம் சேர்த்து ஒரு படம், ஆடிகளைச் சேர்த்து இன்னொரு படம் செய்யுங்கள். ஊரடங்கு நடந்த 2020ஐ மட்டும் விட்டுவிடலாம். ஐப்பசி, கார்த்திகையைத் தொடவே வேண்டாம். மழை மேகத்தில் ஒன்றும் தேறாது.

படி 3: நிறம்

இரண்டு படத்துக்கும் ஒரே நிற அளவுகோல் இருக்க வேண்டும். 0 முதல் 0.0001 வரை வைத்துத் தொடங்குங்கள். அலகு, சதுர மீட்டருக்கு மோல். பெருநகரங்களுக்கு வைக்கிற அளவை இங்கே வைத்தால் டெல்டா முழுக்க, குறைந்த அளவைக் காட்டும் ஒரே நீலமாகிவிடும்.

படி 4: காற்று

இதுதான் உயிர்நாடி. எர்த் எஞ்சினிலேயே ஈஆர்ஏ5 காற்றுத் தரவு மணிவாரியாக இருக்கிறது. செயற்கைக்கோள் நம் தலைக்கு மேல் வருவது மதியம் 1:30 வாக்கில். ஆனால் தரவின் கடிகாரம் உலகப் பொது நேரம், நம் நேரத்தைவிட ஐந்தரை மணி பின்னால். ஆகவே நீங்கள் எடுக்க வேண்டியது காலை 8 மணித் தரவு. நான் முதல்முறை 13:30 என்று தேடி, நம்மூர் இரவு 7 மணிக் காற்றை எடுத்துவிட்டேன். நாகப்பட்டினம், காரைக்கால் போன்ற கடலோரத்தில் காலையில் ஒரு காற்று, மதியத்துக்கு மேல் கடற்காற்று. மணி தப்பினால் திசையே தலைகீழ்.

இப்போது நெய்வேலியைப் பெரிதாக்கிப் பாருங்கள். அளவு கூடித் தெரியும் இடம்தான் கறை, காற்றில் அது ஒரு பக்கமாக நீளுவது வால். தையில் வடகிழக்கிலிருந்து வாடை வீசும். கறையின் வால் விருத்தாசலம், ஜெயங்கொண்டம் பக்கம் சாய வேண்டும். ஆடியில் மேற்கிலிருந்து மேல்காற்று. வால் குறிஞ்சிப்பாடி, கடலூர்ப் பக்கம் திரும்ப வேண்டும். அம்மியையே நகர்த்துகிற ஆடிக் காற்று புகையைக் கலைத்துவிடும் என்பதால் கறை வெளிறித் தெரிந்தாலும் பயப்பட வேண்டாம். இரண்டு படத்தையும் ஒன்றன் மேல் ஒன்று வைத்தால் இரண்டு வாலும் கிளம்புகிற இடம் ஒன்றாக வரும். புகை கிளம்பும் இடமும் அதுதான்.

படி 5: உங்கள் ஊர்

அடுத்து குத்தாலம், திருமக்கோட்டை எரிவாயு மின் நிலையங்களைப் பாருங்கள். இவை சுமார் 100 மெகாவாட் அளவுள்ளவை, நெய்வேலிக்கு முன்னால் மிகச் சிறியவை. கறை மங்கலாக இருக்கலாம், தெரியாமலும் போகலாம். கறை தெரிந்து, இரண்டு பருவத்து வாலும் நிலையத்தில் சந்திக்கவில்லை என்றால், அந்த நிலையத்தின் பெயரை வரைபடத்தில் எழுதாதீர்கள்.

மீத்தேன் பட்டையையும் பார்க்க ஆசை வரும். எண்ணெய்க் கிணறுகளைப் பற்றிய கவலை இங்கே நியாயமானது, எனக்கும் உண்டு. ஆனால் தண்ணீர் நிற்கும் சம்பா வயலும் மீத்தேன் விடும். இத்தனை பெரிய பிக்சலில் கிணற்றையும் வயலையும் பிரிக்க முடியாது. அதற்கு விமானத் தரவு மாதிரி நுணுக்கமான தரவு வேண்டும்.

இன்னொன்று. படம் காட்டுவது தரையிலிருந்து மேலே பல கிலோமீட்டர் வரை உள்ள மொத்த அளவு. நாம் மூச்சில் இழுக்கும் அளவு வேறு. 24 மணி நேரச் சராசரியாக ஒரு கன மீட்டருக்கு 80 மைக்ரோகிராம் என்ற அரசின் வரம்போடு இதை நேராக ஒப்பிட முடியாது. கொள்ளிடக் கரையில் ஒரு செங்கல் சூளை பக்கத்துத் தெருவையே இருமவைத்தாலும் இந்தப் படத்தில் அது தெரியாது. அந்தத் தெருவுக்குத் தரையில் வைக்கும் கருவிதான் வேண்டும். படம் நீலமாக இருக்கிறதே என்று அந்தத் தெருக்காரர்களின் புகாரைத் தள்ளிவிடாதீர்கள்.