கரு கலைந்த பிறகு "அந்த ஊசிதான் காரணமா?" என்ற கேள்வியை எதிர்கொள்வது எப்படி

கர்ப்பத்தின் முதல் மூன்று மாதங்களுக்குள் கரு கலைந்துபோன ஒரு பெண்ணின் மனம், கடந்த சில வாரங்களைத் திரும்பத் திரும்பப் புரட்டிக் காரணம் தேடிக்கொண்டே இருக்கும். தூக்கிய பையையும் ஏறிய படியையும் தூங்காத இரவையும் சந்தேகித்து முடித்த பின், அந்த வாரங்களில் தடுப்பூசி ஏதேனும் போட்டிருந்தால், அதிலேயே போய் நின்றுவிடும். ஊசி போட்டதற்கு ஒரு தேதியும் ஒரு சீட்டும் இருக்கின்றன. கருவின் குரோமோசோம்களில் நேர்ந்த பிழைக்கு அப்படி எதுவும் இல்லை. இந்தச் சந்தேகத்தை அசட்டுத்தனம் என்று ஒதுக்குவது, ஏற்கெனவே நொந்திருப்பவரை மேலும் தனிமைப்படுத்தும். அதை முறையாக விசாரித்துப் பார்ப்பதே நல்லது என்பது என் கருத்து.

அதற்கு முன் உடலைக் கவனிக்க வேண்டும். ஒரு மணி நேரத்தில் இரண்டு பெரிய நாப்கின்கள் நனையும் அளவுக்கு ரத்தப்போக்கு இருந்து, அது அடுத்த மணி நேரமும் தொடர்ந்தாலோ, 38 டிகிரி செல்சியஸுக்கு மேல் காய்ச்சல், துர்நாற்றத்துடன் வெள்ளைப்படுதல், மயக்கம், தாங்க முடியாத வயிற்று வலி ஆகியவற்றில் ஏதேனும் வந்தாலோ, உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். வயிற்றின் ஒரு பக்கத்தில் மட்டும் கடும் வலியும் தோள்பட்டை நுனியில் வலியும் இருந்தால், கரு கருப்பைக்கு வெளியே தங்கியிருக்கலாம். அதில் தாமதம் உயிருக்கே ஆபத்து. மருத்துவ அறிக்கையில் 'மிஸ்டு அபார்ஷன்' என்று எழுதியிருப்பதைப் பார்த்துப் பலர் மனம் உடைந்துபோகிறார்கள். கரு வளர்ச்சி நின்றும் இன்னும் வெளியேறவில்லை என்பதற்கு மருத்துவர்கள் வைத்திருக்கும் பெயர் அது. நீங்களாகக் கலைத்தீர்கள் என்று அதற்குப் பொருள் இல்லை.

தேதிகளை எழுதிப் பாருங்கள்

ஒரு தாளில் மூன்று விவரங்களைக் குறித்துக்கொள்ளுங்கள்: கடைசி மாதவிடாயின் முதல் நாள், ஊசி போட்ட நாள், கரு எத்தனை வார அளவில் நின்றுவிட்டதாக ஸ்கேன் காட்டுகிறது என்பது. பெரும்பாலானவர்கள் ரத்தப்போக்கு தொடங்கிய நாளையே கரு கலைந்த நாளாகக் கொள்கிறார்கள். ஆனால் கரு வளர்ச்சி நின்று பல நாட்களோ சில வாரங்களோ கழித்துத்தான் ரத்தப்போக்கு தொடங்குவது வழக்கம். ஒருவர் ஏழரை வாரத்தில் ஊசி போட்டு ஒன்பதாவது வாரத்தில் ரத்தப்போக்கு கண்டார் என்றால், ஊசிக்குப் பின் பத்து நாளில் எல்லாம் முடிந்துவிட்டதாகவே அவருக்குத் தோன்றும். அவருடைய ஸ்கேனில் கரு ஆறு வார அளவோடு நின்றிருந்தால், ஊசி போட்ட அன்றே அது உயிரோடு இருந்திருக்க வாய்ப்புக் குறைவு. மாதவிடாய் ஒழுங்கற்று வருபவர்களுக்கு இந்தக் கணக்கு தவறக்கூடும் என்பதால், தாளை மருத்துவரிடம் காட்டி அவரையே கணக்கிடச் சொல்லுங்கள்.

ஊசிக்குப் பின்னரே வளர்ச்சி நின்றிருந்தால் என்ன செய்வது? பரிசோதனையில் உறுதியான கர்ப்பங்களில் நூற்றுக்கு 10 முதல் 20 வரை கருச்சிதைவில் முடிகின்றன. அவற்றில் மிகப் பெரும்பகுதி முதல் 12 வாரங்களுக்குள் நிகழ்கின்றன. அப்படிக் கலைபவற்றில் ஏறத்தாழப் பாதிக்குக் குரோமோசோம் பிழையே காரணம். ஆகவே, ஊசி போட்ட நூறு பேரை எடுத்தாலும் போடாத நூறு பேரை எடுத்தாலும், கருவை இழந்தவர்கள் சிலர் இருக்கவே செய்வார்கள். போட்டவர்களிடம் இழப்பு கூடுதலாக இருக்கிறதா என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி. கோவிட் தடுப்பூசி குறித்து நார்வேயில் நடந்து 2021இல் வெளியான ஆய்வு, கரு கலைந்தவர்களையும் கர்ப்பம் தொடர்ந்தவர்களையும் ஒப்பிட்டு, முந்தைய வாரங்களில் ஊசி போட்டிருந்ததற்கும் இழப்புக்கும் தொடர்பு இல்லை என்று கண்டது. ஃப்ளூ தடுப்பூசியின் கதை இன்னும் நுணுக்கமானது. இரண்டு பருவங்கள் தொடர்ந்து அதைப் போட்டவர்களிடம் கருச்சிதைவுடன் ஒரு தொடர்பு தெரிவதாக 2017இல் ஓர் அமெரிக்க ஆய்வு கூறியது. அந்த ஆய்வை மறைக்காமல், அதைவிடப் பெரிய எண்ணிக்கையில் மீண்டும் ஆராய்ந்தார்கள். 2019இல் வெளியான அந்த முடிவில் அத்தகைய தொடர்பு எதுவும் காணப்படவில்லை. முதல் செய்தி மட்டும் இன்றும் கைமாறிக்கொண்டிருப்பதால், இரண்டாவதையும் தெரிந்துவைத்திருப்பது அவசியம்.

உயிருள்ள நுண்கிருமியைப் பலவீனப்படுத்திச் செய்யப்படும் தடுப்பூசிகள் தனி வகை. தட்டம்மை, பொன்னுக்கு வீங்கி, ரூபெல்லா ஆகிய மூன்றுக்குமான எம்எம்ஆர் ஊசியையும் சின்னம்மை ஊசியையும் கர்ப்ப காலத்தில் போடுவதில்லை. கர்ப்பம் என்று தெரியாமல் எம்எம்ஆர் போட்டுக்கொண்டவர்கள் உலகெங்கும் கண்காணிக்கப்பட்டிருக்கிறார்கள். ரூபெல்லா நோய் சிசுவுக்கு உண்டாக்கும் பிறவிக் குறைபாடுகள், தடுப்பூசியால் ஏற்பட்டதாகப் பதிவாகவில்லை. தடை ஒரு முன்னெச்சரிக்கை மட்டுமே. இன்னொரு குழப்பமும் உண்டு: ரத்த வகை நெகட்டிவாக இருப்பவர்களுக்குக் கரு கலைந்த 72 மணி நேரத்துக்குள் போடப்படும் ஆன்டி-டி ஊசி, தடுப்பூசி அல்ல. அடுத்த கர்ப்பத்தைப் பாதுகாப்பதற்காகப் போடப்படுவது அது. உங்கள் வாரக் கணக்குக்கு அது தேவையா என்று அப்போதே கேட்டுவிடுங்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் சந்தேகம் தீரவில்லை என்றால், ஊசியின் பெயர், தேதி, தொகுதி எண் (பேட்ச் நம்பர்) ஆகியவற்றைக் கொடுத்து, தடுப்பூசிக்குப் பிந்தைய நிகழ்வாகப் பதிவு செய்யும்படி மருத்துவரிடம் கேட்கலாம். அப்படிப் பதிவானவற்றைத் திரட்டித்தான் அரிய பக்கவிளைவுகளைக் கண்டுபிடிக்கிறார்கள். உங்கள் கேள்வி அங்கே வீண்போகாது.

துக்கத்துக்கும் இடம் கொடுங்கள்

சில வாரக் கருதானே என்று சொல்பவர்களுக்கு, அந்தச் சில வாரங்களில் பெயர்கூட யோசித்து வைத்திருந்தது தெரியாது. கணவரும் துக்கத்தில்தான் இருப்பார். ஆனால் அழுதால் மனைவி உடைந்துவிடுவாரோ என்று அடக்கிக்கொள்வார், அதையே மனைவி அக்கறையின்மையாகப் புரிந்துகொள்வார். இருவரும் ஒருமுறையேனும் வாய்விட்டுப் பேசிக்கொள்ள வேண்டும். ஊசி போடச் சொன்னவர் கணவரோ மாமியாரோ என்றால், அந்தக் குற்றச்சாட்டு சொல்லாமலேயே வீட்டில் புழுங்கும். தேதித் தாளை அவர்களோடு சேர்ந்து பார்ப்பது அதைத் தணிக்கலாம். இரண்டு வாரங்களுக்கு மேல் உறக்கமும் பசியும் இல்லாமல் எதிலும் பற்றற்றுப்போனாலோ, உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் ஒருமுறை தலைகாட்டினாலோ, மனநல மருத்துவரைப் பார்க்கத் தயங்காதீர்கள்.

அடுத்த கர்ப்பத்துக்கு முன் கிடைக்கும் இடைவெளியைப் பயன்படுத்திக்கொள்ளுங்கள். ரூபெல்லா எதிர்ப்புச் சக்தி இருக்கிறதா என்று ரத்தப் பரிசோதனையில் தெரியும். இல்லையென்றால் இப்போதே எம்எம்ஆர் போட்டுக்கொண்டு, பின் ஒரு மாதம் கருத்தரிப்பைத் தவிர்க்க வேண்டும். கர்ப்பத்தின் தொடக்கத்தில் ரூபெல்லா நோயே தாக்கினால் கரு கலையலாம்; தப்பிப் பிறக்கும் குழந்தைக்குக் கண்ணிலும் காதிலும் இதயத்திலும் குறை வரலாம். கரு கலைந்து இரண்டு வாரத்திலேயே சினைமுட்டை வெளிப்படக்கூடும் என்பதால், மாதவிடாய் இன்னும் வரவில்லையே என்ற நம்பிக்கையில் அந்த ஒரு மாதக் கட்டுப்பாட்டைத் தளர்த்திவிடாதீர்கள்.