ரேப் ஒட்டிய பார்சலை அப்படியே வாங்காதீர்கள்

ஊருக்கு ரிக்கற் போட்டாயிற்று என்று தெரிந்தால் மறுநாளே வீட்டு மணி அடிக்கத் தொடங்கும். "தம்பி, சின்னப் பார்சல்தான், ஒரு கிலோகூட வராது. அம்மாட்டைக் குடுத்துவிட்டாச் சரி." போன முறை நான் லண்டனிலிருந்து புறப்பட்டபோது பக்கத்துத் தெரு அன்ரி ஒருவர் கொண்டுவந்த பெட்டியை நாலு பக்கமும் பழுப்பு ரேப் போட்டு இறுக்கியிருந்தார். அவர் முன்னாலேயே பிரித்தேன். முகம் கொஞ்சம் சுருங்கியது. உள்ளே சொக்லேற், மூட்டுவலிக்குப் பூசும் மருந்து, இரண்டு சேலை. சேலைக்குள் சுற்றிய பழைய போன் ஒன்று, முதுகு வீங்கிய நிலையில். பற்றரி உப்பியிருந்தது. ஊரில் மருமகன் திருத்திப் பாவிப்பான் என்ற நல்லெண்ணம்தான் அன்ரிக்கு. ஆனால் விமானத்தின் அடிவயிற்றில் அது தீப்பிடித்தால் நல்லெண்ணம் எதற்கு உதவும்?

"இந்தப் பெட்டியை நீங்களே அடுக்கினீர்களா? யாராவது எதையாவது தந்துவிட்டார்களா?" கவுண்டரில் இப்படிக் கேட்கும்போது பாதிப் பேர் யோசிக்காமலே தலையாட்டிவிடுகிறோம். அந்தக் கேள்விக்குப் பின்னால் பல உயிர்கள் போன கதை இருக்கிறது. 1984 ஓகஸ்ட் 2ஆம் திகதி இரவு சென்னை மீனம்பாக்கம் விமான நிலையத்தில் குண்டு வெடித்து முப்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். கொழும்பு விமானத்துக்குப் பெட்டிகளைக் கொடுத்த பயணி விமானம் ஏறவில்லை. குண்டிருந்த பெட்டிகள் மட்டும் நிலையத்தில் கிடந்தன. அடுத்த ஆண்டு யூன் 23இல் ஏர் இந்தியாவின் கனிஷ்கா விமானம் அத்திலாந்திக் கடலுக்கு மேல் வெடித்துச் சிதறி 329 பேர் மாண்டார்கள். அங்கும் அதேதான்: வன்கூவரில் பெட்டியைக் கொடுத்தவர் பயணம் செய்யவில்லை.

1986 ஏப்ரல் 17 ஹீத்ரோவில் நடந்தது நமக்கு இன்னும் நெருக்கமான பாடம். டெல் அவிவ் போகும் இஸ்ரேலின் எல் அல் விமானத்துக்கு வந்த கர்ப்பிணிப் பெண் ஒருவரின் பையில், அடித்தட்டுக்குக் கீழே ஒன்றரைக் கிலோ வெடிமருந்து இருந்தது. தந்தவர் அவரைத் திருமணம் செய்வதாகச் சொன்ன காதலன். அந்தப் பெண்ணுக்கு எதுவும் தெரியாது. கேள்விகளும் சோதனையும்தான் அவரையும் மற்றப் பயணிகளையும் காப்பாற்றின. காதலனுக்கு 45 ஆண்டுச் சிறை.

ஆகவே பார்சல் வாங்குவதென்றால் தருபவர் முன்னால் திறந்து பார்த்து, நீங்களே அடுக்குங்கள். யாரும் கோபித்தால் கோபிக்கட்டும். மருத்துவர் சீட்டில்லாத மாத்திரை, அடி தடித்த பெட்டி, தைத்து மூடிய தலையணை, "இதைத் திறக்க வேண்டாம்" என்று தரும் எதுவும் வேண்டாம். சிங்கப்பூர் வழியாகப் போகிறவர்கள் இரட்டிப்புக் கவனமாக இருங்கள். 15 கிராமுக்கு மேல் ஹெரோயின் கடத்தினால் அங்கே மரணதண்டனை. பையில் இருந்தது எனக்குத் தெரியாது என்று நிரூபிக்கும் பாரமும் உங்கள் தலையில்தான் விழும்.

வரிசையில் நிற்கும்போது முன்பின் தெரியாத ஒருவர் "அண்ணா, எனக்குப் பாரம் கூடிப்போச்சு, இந்த ஒரு பையை உங்கட பேரில போடுவீங்களோ" என்று கேட்பார். கட்டுநாயக்காவிலும் சென்னையிலும் எனக்கு இது நடந்திருக்கிறது. மனம் இளகும், தமிழில் வேறு கேட்கிறார். இருந்தாலும் முடியாது என்று சொல்லிவிடுங்கள்.

பெட்டியைக் கொடுத்துவிட்டுக் கடைகளில் நின்று மினக்கெடுவதும் சின்ன விஷயமில்லை. நீங்கள் ஏறாவிட்டால் உங்கள் பெட்டியைத் தேடிப் பிடித்து இறக்க வேண்டும். ஒலிபெருக்கியில் பெயர் சொல்லிக் கூப்பிடுவது அதற்காகத்தான். மொத்த விமானமும் உங்களுக்காகக் காத்துக் கிடக்கும்.

பகிடிக்கும் அங்கே இடமில்லை. 2024இல் கொச்சியில் ஒரு பயணி, என் பையில் குண்டா இருக்கிறது என்று சோதனைக்காரரைக் கேட்டுக் கைதானார். நம்மவர்கள் வரிசையில் அலுப்பில் இப்படி எதையாவது சொல்லக்கூடியவர்கள்தான்.

பவர் பாங்க் கைப்பையில் மட்டும். வழமையான அளவு 100 வாற்-மணிக்குள். அதன் மேல் அச்சிட்ட எழுத்து அழிந்திருந்தால் சில இடங்களில் பறித்துவிடுவார்கள்.

மேலே பறக்கும்போது? கண்ணையும் மூக்கையும் திறந்து வைத்திருங்கள். 2001 டிசெம்பர் 22இல் பாரிசிலிருந்து மயாமி போன விமானத்தில் ஒருவன் சப்பாத்துக்குள் இருந்த வெடிமருந்தைக் கொளுத்தப் பார்த்தான். தீக்குச்சி வாசனையைப் பயணிகள் சொல்ல, பணிப்பெண் போய்ப் பார்த்தார். பிறகு பக்கத்திலிருந்தவர்கள் பாய்ந்து அமுக்கி, பெல்ற்றும் ஹெட்போன் வயரும் கொண்டு கட்டிப்போட்டார்கள். நீங்கள் பாய வேண்டியதில்லை. புகை வாசனை, சூடாகும் போன், சொந்தக்காரர் இல்லாத பை, கழிவறையில் நெடுநேரம் பூட்டிக்கொண்டிருப்பவர், இவற்றில் எதைக் கண்டாலும் பொத்தானை அமத்திப் பணியாளரிடம் மெதுவாகச் சொன்னால் போதும். ஆங்கிலம் சரியாக வராதே என்று கூச்சப்பட வேண்டாம், கையைக் காட்டினாலே புரிந்துகொள்வார்கள். ஆனால் ஒருவரின் தாடியையோ தலைப்பாகையையோ பார்த்து முறைப்பாடு செய்யாதீர்கள். சந்தேகப் பார்வை எப்படிச் சுடும் என்று நமக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

திரும்பி வரும்போது ஒடியல் மா, மிளகாய்த்தூள் எல்லாம் செக்-இன் பெட்டிக்குள் போகட்டும். கைப்பையில் மா, தூள் வைத்தால் தனியாக எடுத்துச் சோதிப்பார்கள், நேரம் போகும். அன்ரியின் அம்மாவும் ஒரு பொதி தந்தார். கட்டுவதற்கு முன் என்னைக் கூப்பிட்டு, "பிள்ளை, பாத்திட்டுக் கட்டு" என்றார். லண்டனிலிருந்து செய்தி எனக்கு முன்னமே போய்ச் சேர்ந்திருக்கிறது.