அமெரிக்கப் பள்ளியில் சிறப்புக் குழந்தையின் பதிவேடுகளைக் கேட்டு வாங்குவது எப்படி?

மாற்றுச் சான்றிதழும் மதிப்பெண் பட்டியலும் கையில் இருந்தால் போதும் என்று நினைத்தே வளர்ந்தவர்கள் நாம். அமெரிக்கப் பள்ளியில் சிறப்புக் கல்வி பெறும் குழந்தையின் பதிவேடுகளோ பெரும்பாலும் ஒரே இடத்தில் இருப்பதில்லை. இதை அறியாமல் பள்ளி அலுவலகத்தில் போய்க் கேட்பவர்கள், கிடைத்ததே முழுமை என்று நம்பித் திரும்பிவிடுகிறார்கள்.

சட்டத்தை இரண்டு வரிகளில் சொல்லிவிடலாம். கல்விப் பதிவேடுகளின் தனியுரிமை பற்றிய 1974ஆம் ஆண்டின் ஃபெர்பா (FERPA) சட்டமும் சிறப்புக் கல்விக்கான ஐடியா (IDEA) சட்டமும் பதிவேடுகளைப் பார்வையிடும் உரிமையைப் பெற்றோருக்கு அளிக்கின்றன. கேட்டதிலிருந்து 45 நாட்களுக்குள் காட்ட வேண்டும், இடையில் ஐ.இ.பி. (IEP, குழந்தைக்கென வகுக்கும் தனிக் கல்வித் திட்டம்) கூட்டம் வருமானால் அதற்கு முன்பே காட்டியாக வேண்டும். கலிபோர்னியாவில் இந்தக் கெடு 5 வேலை நாட்கள்தான். நகலெடுக்கக் கட்டணம் வாங்கலாம், தேடி எடுத்ததற்கு வாங்கக் கூடாது, ஐ.இ.பி. ஆவணத்தின் நகலையும் மதிப்பீட்டு அறிக்கையின் நகலையும் இலவசமாகவே தர வேண்டும். விசா நிலைக்கும் இதற்கும் எந்தத் தொடர்பும் இல்லை என்பதையும், தயங்கி நிற்பவர்களுக்காகச் சொல்லி வைக்கிறேன்.

என் நண்பர் சிக்கிக்கொண்டது வேறோர் இடத்தில். பேச்சுத் தாமதமுள்ள அவருடைய மகனுக்கு வாரம் 60 நிமிடப் பேச்சுப் பயிற்சி என்று ஐ.இ.பி.யில் எழுதியிருந்தது. ஆண்டுக் கூட்டத்துக்கு முன் அவர் பள்ளிக்குச் சென்று, மகனின் கோப்பு வேண்டும் என்று வாய்மொழியாகக் கேட்டார். வருகைப் பதிவு, தடுப்பூசி விவரம், தேர்ச்சி அறிக்கை ஆகியவை அடங்கிய மெல்லிய கோப்பு ஒன்றைப் புன்னகையுடன் கொடுத்தனுப்பினார்கள். கூட்டத்தில், பையன் நன்றாக முன்னேறிவிட்டான், இனி 30 நிமிடம் போதும் என்றார்கள். மறுத்துப் பேச அவரிடம் ஒரு தாள்கூட இல்லாததால் கையெழுத்திட்டுவிட்டார். பல மாதங்கள் கழித்து, அனுபவமுள்ள இன்னொரு பெற்றோர் சொல்லித்தான் பயிற்சியாளரின் வருகைக் குறிப்பேட்டைக் கேட்டார். தேதி, நிமிடம், சுருக்கக் கையொப்பம் என மூன்று பத்திகள். பல வாரங்களில் நிமிடப் பத்தி வெறுமையாக இருந்தது, சிலவற்றில் பயிற்சியாளர் வேறு கூட்டத்தில் இருந்தார் என்று எழுதியிருந்தது. கொடுக்கவே படாத பயிற்சியைத்தான் குறைத்திருக்கிறார்கள். ஏன் முன்பே தரவில்லை என்று கேட்டபோது, நீங்கள் கேட்டதைக் கொடுத்தோமே என்றார்கள். எனக்கு இன்றும் ஆறாத எரிச்சல் அந்தப் பதிலின் மீதுதான், ஏனென்றால் அது பொய்யும் அல்ல.

ஆகவே, வெறுமனே கோப்பு என்று கேட்காதீர்கள். குழந்தையைப் பற்றி என்னென்ன வகைப் பதிவேடுகள் எங்கெங்கே வைக்கப்பட்டுள்ளன என்ற பட்டியலை முதலில் கேளுங்கள். கேட்டால் அதைத் தர வேண்டிய கடமை பள்ளி மாவட்டத்துக்கு, அதாவது அப்பகுதிப் பள்ளிகளை நடத்தும் நிர்வாகத்துக்கு, உண்டு. பிறகு ஒவ்வொன்றையும் பெயர் சொல்லிக் கேளுங்கள்: மாவட்ட அலுவலகத்திலுள்ள சிறப்புக் கல்விக் கோப்பு, ஒவ்வொரு பயிற்சியாளரின் வருகைக் குறிப்பேடு, இலக்குகளின் முன்னேற்றத் தரவு, உளவியலாளர் நடத்திய சோதனைகளின் விடைத்தாள்கள். விடைத்தாளுக்குப் பதிப்புரிமை உண்டு, நகல் தர இயலாது என்று சொல்லக்கூடும். அப்போதும் குழந்தையின் பெயர் உள்ள விடைத்தாளை உங்களுக்குக் காட்ட மறுக்க முடியாது. ஆசிரியர் தன் நினைவுக்காக மட்டும் எழுதி, எவரிடமும் காட்டாமல் தம்மிடமே வைத்திருக்கும் குறிப்புகள் மட்டும் இந்த உரிமைக்குள் வாரா.

வேண்டுகோளை மின்னஞ்சலில், தேதியிட்டு, பள்ளி முதல்வருக்கும் மாவட்டச் சிறப்புக் கல்வி இயக்குநருக்கும் சேர்த்து அனுப்புங்கள். ஆசிரியரிடம் தாள் கேட்பது மரியாதைக் குறைவு என்று நம் வளர்ப்பு உள்ளுக்குள் உறுத்தும். இங்கே அதை யாரும் அப்படி எடுத்துக்கொள்வதில்லை, எடுத்துக்கொண்டாலும் கவலைப்பட வேண்டியதில்லை.

வேலை மாறி வேறு மாநிலம் போகிறவர்கள் புறப்படும் முன்பே எல்லாவற்றையும் வாங்கிக்கொள்ள வேண்டும். பழைய பள்ளி அனுப்பும் கோப்பில் வருகைக் குறிப்பேடு இருக்கும் என்று நம்பியிருக்க முடியாது. கோடை விடுமுறை தொடங்கிவிட்டால் பயிற்சியாளர்களைப் பிடிப்பதும் கடினம். ஆனால் 45 நாள் கெடு விடுமுறைக்காக நிற்பதில்லை, ஆகவே செப்டம்பரில் வாருங்கள் என்று சொன்னால் முதல் மின்னஞ்சலின் தேதியைக் காட்டிப் பதில் எழுதுங்கள்.