தரமற்ற கட்டுமானப் பொருளால் வீடு பாதிக்கப்பட்டால் சட்டப்படி என்ன செய்யலாம்?

புதிதாகக் கட்டிய வீட்டில் பூச்சு உதிர்ந்தாலோ, தளத்தில் விரிசல் விட்டாலோ, நாம் உடனே கொத்தனாரை அழைத்துத் தட்டிப் பூசச் சொல்லிவிடுகிறோம். பொருள்தான் குறை என்று நிறுவ வேண்டிய சான்று அத்துடன் போய்விடும். ஆகவே வேலூர், இராணிப்பேட்டை பகுதிகளில் வீடு கட்டியவர்கள் பின்வரும் வரிசையைப் பின்பற்றுவது நல்லது.

முதல் படி, மாதிரி எடுப்பது. விரிசலின் அருகில் அளவுகோலை வைத்துத் தேதியுடன் புகைப்படம் எடுங்கள். உதிர்ந்த பூச்சு, மிச்சமுள்ள செங்கல், கம்பித் துண்டு, காலி சிமெண்ட் மூட்டை ஆகிய எதையும் எறியாதீர்கள். மூட்டையில் தயாரிப்பு வாரமும் ஆண்டும் ஐ.எஸ்.ஐ. உரிம எண்ணும் அச்சிடப்பட்டிருக்கும். அந்த எண் உண்மையானதா என்பதை இந்தியத் தர நிர்ணய அமைப்பின் பி.ஐ.எஸ். கேர் செயலியில் பார்க்கலாம். மாதிரியில் ஒரு பாதியைத் தொடாமல் வையுங்கள், ஏனெனில் நுகர்வோர் புகார்களை விசாரிக்கும் நுகர்வோர் ஆணையமே அதனை ஆய்வகத்துக்கு அனுப்பி, பொதுவாக 45 நாட்களுக்குள் அறிக்கை பெற வழி உண்டு.

இரண்டாம் படி, வாங்கியதற்கான ஆதாரம். பல ஹார்டுவேர் கடைகளில் ‘எஸ்டிமேட்’ என்று எழுதிய சீட்டுதான் தருகிறார்கள். சூளையிலிருந்து லோடு இறக்கும் செங்கலுக்கு அதுவும் கிடைப்பதில்லை. ஜி.எஸ்.டி. பில் இல்லாவிட்டால் வங்கிக் கணக்கு, யு.பி.ஐ. பரிமாற்றம், வாட்ஸ்அப் செய்தி ஆகியவற்றைத் திரட்டுங்கள்.

மூன்றாம் படியில்தான் வழக்கின் உயிர் இருக்கிறது: குறை பொருளிலா, வேலையிலா, தண்ணீரிலா என்று பிரித்தறிவது. சிமெண்ட் நிறுவனத்திடம் கேட்டால், “உங்கள் போர் தண்ணீரில் உப்பு” என்ற பதில் வரக்கூடும். நம் பகுதியில் அதனை வெறும் சாக்கு என்று தள்ளிவிட முடியாது. இராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி வட்டாரங்களில் தோல் பதனிடும் தொழிற்சாலைகளின் கழிவு நிலத்தடி நீரைப் பல ஆண்டுகளாகக் கெடுத்திருக்கிறது. கம்பி போட்ட கான்கிரீட்டுக்கான தண்ணீரில் குளோரைடு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது என்று கான்கிரீட்டுக்கான இந்தியத் தரநிலை ஐ.எஸ். 456 கூறுகிறது. பொருளைத் தவறாகப் பயன்படுத்தியிருந்தால் விற்றவர் மீது பொருட்பொறுப்பு வழக்கு (குறையுள்ள பொருளால் நேர்ந்த சேதத்துக்கு இழப்பீடு கேட்பது) நிற்காது என்பதை நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 87ஆம் பிரிவு சொல்வதால், தண்ணீரையும் சோதித்துவிடுங்கள். அளவு மீறியிருந்தால் நிறுவனத்தின் மீது வழக்குப் போடும் எண்ணத்தை மறுபரிசீலனை செய்வதே என் கருத்தில் விவேகம்.

செங்கலை ஓரளவு வீட்டிலேயே பார்க்கலாம். நன்கு உலர்ந்த கல்லை எடைபோட்டு, 24 மணி நேரம் நீரில் ஊறவைத்து, மறுபடி எடைபோடுங்கள். சாதாரண வகைக் கற்களில் எடை 20 சதவீதத்துக்கு மேல் கூடக் கூடாது என்பது செங்கலுக்கான தரநிலை ஐ.எஸ். 1077. ஆனால் ஆணையத்தின் முன் எடுபடுவது, ஆய்வகங்களுக்கு அங்கீகாரம் தரும் தேசிய வாரியமான என்.ஏ.பி.எல். அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்தின் அறிக்கையே.

நான்காம் படி, அறிவிப்பு. கடைக்காரர், தயாரிப்பாளர், பொருளுடன் சேர்த்து ஒப்பந்தம் எடுத்த மேஸ்திரி ஆகிய அனைவருக்கும் அறிக்கையின் நகலை இணைத்து ஸ்பீட் போஸ்ட் அனுப்பி, 15 நாட்கள் அவகாசம் கொடுங்கள். ஒருவரை விட்டுவிட்டால், மற்றவர்கள் பழியை அவர் மீது போட்டுவிட்டு ஒதுங்கிக்கொள்வார்கள். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணிலும் புகார் செய்யலாம். சில நிறுவனங்கள் அந்தக் கட்டத்திலேயே சமரசத்துக்கு வருவதுண்டு.

ஐந்தாம் படி, நுகர்வோர் ஆணையம். 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே புகார் தாக்கல் செய்யலாம். நிறுவனத்தின் தலைமையகம் எங்கே இருந்தாலும் கவலையில்லை. எந்த ஆணையம் என்பதை நீங்கள் கேட்கும் இழப்பீடு தீர்மானிப்பதில்லை, பொருளுக்கோ சேவைக்கோ நீங்கள் கொடுத்த விலையே தீர்மானிக்கிறது. அது 50 லட்சம் ரூபாய் வரை இருந்தால் மாவட்ட ஆணையம். 3 லட்சத்துக்குச் சிமெண்ட் வாங்கியவர் சீரமைப்புக்காக 10 லட்சம் கேட்டாலும் கட்டணமில்லை, ஏனெனில் விலை 5 லட்சம் வரை உள்ள புகார்களுக்குக் கட்டணமே கிடையாது. வழக்கறிஞர் கட்டாயமில்லை. பெண்களுக்கு வருமான வரம்பின்றி மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் இலவச உதவி கிடைக்கும்.

காலக்கெடு 2 ஆண்டுகள். தாமதத்துக்குத் தக்க காரணம் காட்டினால் ஆணையம் பொறுத்துக்கொள்ளலாம், ஆனால் அதை நம்பி இருக்க வேண்டாம். நிறுவனத்துடன் கடிதப் போக்குவரத்து நடத்திக்கொண்டிருந்ததால் மட்டும் காலம் நின்றுவிடாது. எதிர்தரப்பினரும் இழுத்தடிக்க முடியாது: பதில் தர 30 நாட்கள், கூடுதலாக 15 நாட்கள், அதற்கு மேல் இல்லை என்று உச்ச நீதிமன்றம் 2020இல் உறுதிப்படுத்தியுள்ளது.

ரெரா எனப்படும் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டத்தின் கீழ் பதிவு பெற்ற திட்டத்தில் பில்டரிடம் வீடு வாங்கியவர்களுக்கு வழி வேறு. ஒப்படைத்த 5 ஆண்டுகளுக்குள் கட்டமைப்புக் குறையோ வேலைத்தரக் குறையோ தெரிவிக்கப்பட்டால், ரெரா சட்டத்தின் 14ஆம் பிரிவின்படி பில்டர் தம் செலவில் 30 நாட்களுக்குள் சரிசெய்ய வேண்டும். எந்தக் கம்பி, எந்தச் சிமெண்ட் என்று வாங்கியவர் துருவிக்கொண்டிருக்கத் தேவையில்லை.