பெங்களூரில் மனை வைத்திருக்கிறீர்களா? உயில் எழுதும் முறை

உயில் என்று பேச்செடுத்தாலே அல்சூர்ப் பக்கம் பல வீடுகளில் பெரியவர்கள் முகம் சுளிக்கிறார்கள். என் தாத்தாவும் அப்படித்தான். அவர் எழுதாமல் விட்ட இரண்டு பக்கத்துக்காக அப்பா பதினொரு மாதம் அலைந்தார். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் வரி பயத்தை விடுங்கள். இறந்தவரின் சொத்துக்கு வரி வாங்கிய 1953ஆம் ஆண்டுச் சட்டம் 1985இலேயே போய்விட்டது. வாரிசாகவோ உயில் மூலமாகவோ மனை கைக்கு வந்தால் இன்று வரி இல்லை. வரி வருவது விற்கும்போதுதான்.

இனி வேலைக்கு வருவோம். கிரயப் பத்திரம், வில்லங்கச் சான்று, கத்தா (சொத்து வரிப் பதிவேட்டின் பிரதி), வரி ரசீது எல்லாவற்றையும் தரையில் பரப்பி, பெயரை மட்டும் படியுங்கள். பத்திரத்தில் தாத்தா 'முருகேச முதலியார்', கத்தாவில் 'முருகேஷ்', இறப்புச் சான்றிதழில் 'எம். முருகேசன்'. மூவரும் ஒருவரே என்று காட்டத்தான் அந்தப் பதினொரு மாதமும். நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது, இனிஷியல்தான். அதைக் கன்னடத்தில் ஒவ்வொருவர் ஒவ்வொரு விதமாக எழுதிவிடுகிறார்கள். உயிரோடு இருக்கும்போதே திருத்துங்கள். முடியாவிட்டால், 'இந்தப் பெயர்களிலும் அறியப்படும் நான்' என்று எல்லாப் பெயர்களையும் உயிலில் சேருங்கள். ஒன்று நினைவிருக்கட்டும்: கத்தா வரி கட்டுவதற்கான பதிவு, உரிமையைச் சொல்வது பத்திரம்.

அடுத்து, எழுதிவைக்க உங்களுக்கு உரிமை உள்ள பங்கு எது என்று பாருங்கள். சொந்தச் சம்பாத்தியம் என்றால் யாருக்கும் எழுதலாம். பூர்வீகம் என்றால் உங்கள் பங்கை மட்டுமே எழுத முடியும். இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 2005 திருத்தத்துக்குப் பின் அதில் மகளுக்கும் மகனுக்குச் சமமான பிறப்புரிமை உண்டு. உயில் இல்லாமல் இந்து ஆண் ஒருவர் இறந்தால் மனைவி, மகன், மகளோடு அவருடைய தாய்க்கும் சம பங்கு போகும். பாட்டியைக் கணக்கில் சேர்க்காமல் விட்டு வம்பில் மாட்டிய குடும்பங்கள் உண்டு. கிறிஸ்தவர்களுக்கும் முஸ்லிம்களுக்கும் விதிகள் வேறு.

உயிலை வெள்ளைத் தாளிலேயே எழுதலாம், முத்திரைத்தாள் வேண்டாம். தமிழிலும் செல்லும், ஆனால் பதிவு செய்ய கன்னடமோ ஆங்கிலமோ எளிது. மனையின் எண், அளவு, நான்கு எல்லை எல்லாவற்றையும் பத்திரத்தில் உள்ளபடியே எழுதுங்கள். இரண்டு சாட்சிகள் வேண்டும். பங்கு பெறுபவர் சாட்சியாக வேண்டாம். உங்களைவிட வயதில் இளையவர்களாகப் பாருங்கள். பின்னாளில் வழக்கு வந்தால் அவர்களில் ஒருவராவது நீதிமன்றத்தில் நின்று சொல்ல வேண்டியிருக்கும். வயதானவர் என்றால் தெளிந்த மனநிலைக்கு மருத்துவர் சான்றும் அன்றே வாங்கிவிடுங்கள். பதிவு கட்டாயமில்லை, ஆனாலும் நான் சார்பதிவாளர் அலுவலகம் போகத்தான் சொல்வேன்.

'இப்போதே பிள்ளை பெயருக்குத் தானமாக எழுதிவிடலாமே' என்பார்கள். நீங்கள் குடியிருக்கும் வீட்டை அப்படி எழுதாதீர்கள். உயிலை எத்தனை முறையும் மாற்றலாம். தானம் அன்றே கைமாறிவிடும். எழுதித்தான் ஆக வேண்டும் என்றால், கடைசிவரை பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையைப் பத்திரத்திலேயே போடுங்கள். அது மீறப்பட்டால் 2007ஆம் ஆண்டு மூத்த குடிமக்கள் சட்டப்படி ரத்து கேட்க வழி உண்டு.

கடைசியாக, பிள்ளைகள் விற்கும் நாளுக்கு ஒரு கணக்கு. 2001க்கு முன் வாங்கிய மனைக்கு 2001 ஏப்ரல் 1ஆம் தேதி மதிப்பை அடக்கவிலையாகக் கொள்ளலாம், அன்றைய அரசு மதிப்பைத் தாண்டாமல். அந்த அடக்கவிலை 4 லட்சம், விற்ற விலை 1 கோடி என்றால் ஆதாயம் 96 லட்சம், 12.5 சதவீதத்தில் வரி 12 லட்சம், கூடுதல் தீர்வை தனி. அந்த 2001 மதிப்புக்கு ஒரு மதிப்பீட்டாளரிடம் அறிக்கை வாங்கி, உயில் இருக்கும் அதே பையில் வையுங்கள். பை எந்த அலமாரியில் இருக்கிறது என்பதை வீட்டில் இரண்டு பேருக்காவது சொல்லிவிடுங்கள்.