பால்வெட்டுக்கு எழும் நேரம்: கட்டிலை விட்டு இறங்கும் முறை

கன்னியாகுமரி மாவட்டம் குலசேகரம் பக்கம் ரப்பர் பால்வெட்டப் போகிறவர்கள் மூணு மணிக்கே எழுந்துவிடுவார்கள். என் அப்பாவுக்கும் நாற்பது வருஷம் அதுதான் பழக்கம். எழுபது வயதில் ஒரு மார்கழி இருட்டில் அலாரம் அடித்ததும் சடாரென்று எழுந்து, நாலு எட்டு வைத்து, அடுக்களை நடையில் விழுந்தார். அக்கம்பக்கத்தார் ஓடிவந்து தூக்கி நாற்காலியில் உட்காரவைத்தார்கள். ஒருவர் தலையைப் பிடித்துக்கொள்ள, இன்னொருவர் வாயில் சோடா ஊற்றப் போனார். உட்காரவைக்க உட்காரவைக்க அவருக்குக் கண் செருகிக்கொண்டே போனது. நான் வந்து தரையில் கிடத்தி, கால் இரண்டையும் தூக்கி அரிசிச் சாக்கின்மேல் வைத்தேன். ஒரு நிமிஷத்துக்குள் "என்ன மக்களே, எதுக்கு எல்லாரும் நிக்குதிய?" என்று கேட்டார்.

நர்ஸாக வேலை பார்த்தவள் நான். அன்றைக்குப் பிறகு, வீட்டில் பெரியவர்கள் இருக்கிற எல்லோருக்கும் இதைச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

மூளை உடம்பின் எடையில் 2 சதவீதம்தான். ஆனால் இதயம் தள்ளும் ரத்தத்தில் ஏறக்குறைய 15 சதவீதத்தையும், உடம்பு செலவழிக்கும் ஆக்சிஜனில் 20 சதவீதத்தையும் அது எடுத்துக்கொள்கிறது. நாளைக்கு ஆகட்டும் என்று சேர்த்துவைக்க அதனிடம் பத்தாயம் கிடையாது. ரத்தம் முழுக்க நின்றால் பத்து விநாடிக்குள் போதம் போய்விடும். படுத்திருந்தவர் எழுந்து நிற்கும்போது அரை லிட்டருக்கும் மேலான ரத்தம் வயிற்றுக்கும் காலுக்கும் இறங்குகிறது. கழுத்தின் இரண்டு பக்கமும் துடிக்கும் பெரிய ரத்தக்குழாய்களில், அழுத்தம் குறைவதைக் கண்டுபிடிக்கும் நரம்பு முனைகள் இருக்கின்றன. அவை சேதி சொன்னதும் இதயம் வேகம் கூட்டும், உடம்பின் ரத்தக்குழாய்கள் இறுகும். மூளையின் குழாய்களுக்கும் தனியாக ஒரு சாமர்த்தியம் உண்டு. நம் ஊர்க் கால்வாய் ஷட்டரை நினைத்துப் பாருங்கள். தண்ணீர் வரத்து குறைந்தால் ஷட்டரை உயர்த்துவார்கள், கூடினால் தாழ்த்துவார்கள், வயலுக்குப் போகிற அளவு மாறாது. அதேபோல அழுத்தம் குறைந்தால் இந்தக் குழாய்கள் விரியும், கூடினால் சுருங்கும்.

இதற்கெல்லாம் சில விநாடி வேண்டும். வயதாக ஆக அந்தச் சேதி மெதுவாகத்தான் போகும். சர்க்கரை நோய் நரம்பைத் தின்றிருந்தால் இன்னும் மெதுவு. அதனால் அப்பாவுக்கு நான் வைத்த முறை இது.

விழித்ததும் படுத்தபடியே பாதத்தை மேலும் கீழும் இருபது தடவை ஆட்ட வேண்டும். கெண்டைக்கால் தசை இறுகும்போது கீழே தேங்கும் ரத்தத்தை மேலே பிழிந்து அனுப்பும். பிறகு ஒருக்களித்து, கையை ஊன்றி உட்கார வேண்டும். காலைத் தொங்கவிட்டு, தலைமாட்டில் வைத்திருக்கும் ஒரு தம்ளர் தண்ணீரைச் சாவகாசமாகக் குடிக்க வேண்டும் (தண்ணீர் அளவாகக் குடிக்கச் சொல்லப்பட்ட இதய, சிறுநீரக நோயாளிகள் டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்). ஒரு நிமிஷம் கழித்து எழுந்து, கட்டில் கம்பியைப் பிடித்தபடி பத்து எண்ண வேண்டும். அதன்பிறகுதான் நடக்கலாம். ராத்திரி ஒன்றுக்குப் போகும் ஆண்கள் உட்கார்ந்தே போங்கள். நின்றபடி போகும்போது விழுந்தவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

தோட்டத்தில் அடிமரத்தில் குனிந்து வெட்டிவிட்டு நிமிரும்போது தலை கறங்கினால் (சுற்றினால்), கத்தியைக் கீழே போட்டுவிட்டு அப்படியே குத்தவைத்து உட்காருங்கள். திருவிழாக் கூட்டத்தில் உட்கார இடமில்லையா? காலைப் பின்னிக்கொண்டு தொடையையும் பிட்டத்தையும் இறுக்குங்கள், இரண்டு கை விரல்களையும் கொக்கிபோல மாட்டி வெளிப்பக்கம் இழுங்கள். அழுத்தம் ஏறும். அந்த நேரத்தில் பக்கத்தில் நிற்பவர் "நல்லா மூச்ச இழுத்து விடும்" என்பார். கேட்காதீர்கள். வேகவேகமாக மூச்சு வாங்கினால் ரத்தத்தில் கரியமிலவாயு குறைந்து மூளையின் குழாய்கள் சுருங்கும், கறக்கம் கூடும். எப்போதும் போல மூச்சு விட்டால் போதும்.

வீட்டில் பிரஷர் மிஷின் இருந்தால் ஒரு சோதனை செய்து பார்க்கலாம். ஐந்து நிமிஷம் படுக்கவைத்து ஒரு தடவை, எழுந்து நின்று ஒரு நிமிஷத்தில் ஒரு தடவை, மூன்றாம் நிமிஷத்தில் ஒரு தடவை அளந்து எழுதுங்கள். மேல் எண் 20 அல்லது கீழ் எண் 10 குறைந்தால் அந்தத் தாளை டாக்டரிடம் காட்டுங்கள். அப்பாவுக்குப் படுத்தபோது 148, நின்றபோது 112. காரணம் மாத்திரைப் பையில் இருந்தது. பிரஷருக்கு ஒரு டாக்டரும், மூத்திர அடைப்புக்கு இன்னொரு டாக்டரும் எழுதிய இரண்டு மாத்திரைகளையும் அவர் ராத்திரி ஒன்றாக விழுங்கியிருக்கிறார். இரண்டுமே ரத்தக்குழாயைத் தளர்த்துபவை. இரண்டு சீட்டையும் ஒரே மேசையில் வைத்த பிறகுதான் அளவு மாறியது. நீங்களாக எதையும் நிறுத்திவிடாதீர்கள். பல வருஷம் பிரஷர் இருந்தவர்களின் மூளை உயர்ந்த அழுத்தத்துக்குப் பழகியிருக்கும், அதைத் தடாலென்று இறக்குவதும் ஆபத்துதான்.

யாராவது போதம் கெட்டு விழுந்தால் மல்லாக்கக் கிடத்தி, காலை உயர்த்துங்கள். சட்டைக் கழுத்தைத் தளர்த்துங்கள். முழுசாகத் தெளியும்வரை வாயில் சொட்டுத் தண்ணீர்கூட வேண்டாம். மூச்சு இருந்தும் ஒரு நிமிஷத்தில் தெளியவில்லை என்றால் ஒருக்களித்துக் கிடத்தி 108-ஐக் கூப்பிடுங்கள். நெஞ்சுவலியோடு விழுந்தாலும், தலையில் அடிபட்டாலும் ஆஸ்பத்திரிதான்.

வாய் ஒரு பக்கம் கோணினாலோ, ஒரு கை தூக்க முடியாமல் போனாலோ, பேச்சு குழறினாலோ அது வெறும் கறக்கம் இல்லை, பக்கவாதம். எந்த மணிக்குத் தொடங்கியது என்று உடனே குறித்துக்கொள்ளுங்கள். அடைப்பைக் கரைக்கும் ஊசியை நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். பிரஷர் ஏறியிருக்கிறதே என்று வீட்டு மாத்திரையைக் கொடுத்து இறக்காதீர்கள். அடைபட்ட பக்கத்து மூளைக்கு அந்த அழுத்தம்தான் கொஞ்சமாவது ரத்தம் தள்ளிக்கொண்டிருக்கும். பேச்சிப்பாறையில் இருந்தோ கடையாலுமூட்டில் இருந்தோ ஆசாரிப்பள்ளம் மருத்துவக் கல்லூரிக்கு வந்துசேரவே நேரம் பிடிக்கும். விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள்.

அப்பா இன்னும் அலாரம் வைக்கிறார். முன்பு மூணு மணிக்கு வைப்பார், இப்போது ரெண்டு ஐம்பதுக்கு.